சேர்வராயன் கொட்டையின் கீற்று

பச்சைக் காப்பிக் கொட்டை ஒன்றை எடுத்து, அதன் தட்டைப் பக்கத்தில் ஓடும் கீற்றைப் பாருங்கள். தாழ்வான இடத்தில் விளைந்ததென்றால் கீற்று அகலமாக, நேராக இருக்கும். சேர்வராயன் மலையில், ஏற்காட்டு உயரத்தில் விளைந்ததோ ஒடுங்கி, லேசாக நெளிந்து, இறுக மூடிய உதடு மாதிரி இருக்கும். கடித்தால் பல் இறங்காது.

அந்த இறுக்கம் குளிர் கொடுத்தது. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டிக் குப்பனூர் வழியாக மலையேறினால் 300 மீட்டர் உயரத்துச் சமவெளி வெயில் கீழே நின்றுவிடும். 1,500 மீட்டரை நெருங்குவதற்குள் ஏழெட்டு டிகிரி வெப்பம் இறங்கியிருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை ஊன்றினார். அவர் தேர்ந்த இடத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இந்தக் குளிரில் பழம் அவசரப்பட்டுச் சிவப்பதில்லை. சில்வர் ஓக் நிழல் அதை இன்னும் தாமதப்படுத்தும். பங்குனியில் பூ மழைக்குப் பூத்தது பழுக்க மார்கழியாகிவிடும். அத்தனை மாதமும் விதை நிதானமாக நிறைந்துகொண்டே இருக்கிறது.

எதனால் நிறைகிறது என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். காப்பி என்றாலே காஃபீன்தான் நினைவுக்கு வரும். அதை மலை அவ்வளவாக மாற்றுவதில்லை. அது வம்சத்தோடு வருவது. அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. விளைந்த இடத்தின் கைவண்ணம் தெரிவது எண்ணெயில். உயரமும் நிழலும் கூடினால் கொட்டையில் கொழுப்பு கூடும். அராபிகாவின் எடையில் ஏழில் ஒரு பங்கு அதுதான். வறுக்கும்போது பிறக்கும் மணத்தைப் பிடித்துவைத்திருப்பதும் அதுதான்.

சர்க்கரையோ, பறிக்கும் கையைப் பொறுத்தது. நன்றாகச் சிவந்த பழத்தின் கொட்டையில் சர்க்கரை ஏறியிருக்கும். வறுபடும்போது அது கருகிப் பழுப்பாகி, இனிய மணமும் மெல்லிய புளிப்பும் தரும். அரைப்பழத்தில் சர்க்கரை குறைவு, குளோரோஜெனிக் அமிலம் மிகுதி. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அங்கிருந்து வருகிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காததால், ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சிவந்ததை மட்டும் கிள்ளும் பெண்களின் பொறுமையும் இந்த ரசாயனத்தில் சேர்ந்ததே.

இதையெல்லாம் நாக்கில் அறிய, சிக்கரி கலக்காத தூளில் முதல் டிகாஷனை இறக்கி, பால் ஊற்றுமுன் ஒரு மிடறு குடிக்க வேண்டும். சேலத்தில் காப்பித்தூள் அரைக்கும் கடைக்குப் போகிறவர்கள், பீபெரியா, பிளான்டேஷனா என்று ரகம் கேட்பதோடு எந்த மலைக் கொட்டை என்றும் கேட்கலாம்.