பத்து நிமிடக் காவல்

மார்ட்டின் ரோஷின் 'ஸ்நோர்ட்' கட்டுரை: ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாயும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நம் ஆசிரியப் பெருமக்களின் வழக்கம். ஆசிரியர் எதைச் சொல்ல முற்பட்டார்? சொன்ன முறை யாது? சொன்னது காலத்தின் முன் நின்றதா? இம்மூன்றும் இலக்கியத்திற்கே உரியவை என்று எண்ண வேண்டுவதில்லை. அறிவியல் எழுத்தும் எழுத்தே. அதுவும் படிப்பவருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது; அதை நம்பி மக்கள் காரியத்தில் இறங்குகின்றனர். ஆகவே அதனையும் எடைபோட்டுப் பார்த்தல் கடனாகும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட கட்டுரை, 1999ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய கணினி நிர்வாகிகளின் மாநாட்டில் மார்ட்டின் ரோஷ் என்பார் அளித்தது. 'ஸ்நோர்ட்: வலைப்பின்னல்களுக்கான எளிய ஊடுருவல் கண்டறிதல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் வழங்கலாம். முந்திய ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட ஸ்நோர்ட் என்னும் மென்பொருளை விளக்குவதே அதன் நோக்கம். பள்ளியோ சங்கமோ சிறு நிறுவனமோ தன் கணினி வலைக்குள் யார் புகுகிறார் என்று அறிய விரும்பினால், விலையின்றிக் கிடைக்கும் கருவிகளுள் இன்றும் முதலில் காதில் விழும் பெயர்களுள் ஒன்று ஸ்நோர்ட். எனவே அதன் மூலக் கட்டுரையை மீண்டும் படித்துப் பார்ப்பது பயனுடைய செயலே.

கட்டுரையின் பொருள்

கணினிகள் தம்முள் அனுப்பும் செய்தி யாவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கின்றன. பொட்டலத்தின் மேல் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும். உள்ளே செய்தியின் ஒரு துண்டு இருக்கும். தீயரண் என்னும் வாயிற்காவலன் பெரும்பாலும் முகவரியைப் பார்த்து வழிவிடுவான் அல்லது மறுப்பான். ஊடுருவல் கண்டறியும் கருவியோ, உள்ளே இருக்கும் துண்டையும் படித்து, தீங்கின் அடையாளம் தென்பட்டால் குரல் கொடுக்கும்.

ரோஷ் தம் கருவியை மூன்று உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கிறது. மற்றொன்று விதிகளோடு ஒப்பிடுகிறது. மூன்றாவது பதிவு செய்து எச்சரிக்கிறது. வணிகக் கருவிகள் ஆயிரக்கணக்கான வெள்ளி விலை போன காலத்தில், மூல நிரலோடு எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தக்கூடிய உரிமத்தில் அவர் அதனைத் தந்தார். இந்த ஒரு செயலுக்காகவே அவரைப் பாராட்டலாம்.

விதியின் மொழி

கட்டுரையின் தலையாய சிறப்பு, விதிகளுக்கு அவர் அமைத்த மொழியாகும். ஒரு விதி ஒரு வரி. அதன் முற்பகுதி செய்ய வேண்டிய செயலையும், எங்கிருந்து எங்குச் செல்லும் பொட்டலம் என்பதையும் சொல்லும். இடையில் திசைகாட்டும் ஓர் அம்புக்குறி. பிற்பகுதி அடைப்புக்குறிக்குள் அமைந்து, உள்ளே தேட வேண்டிய எழுத்துத் தொடரையும், கண்டால் எழுப்ப வேண்டிய எச்சரிக்கையையும் தரும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வாக்கியம் அமைக்கக் கற்ற மாணவன் எவனும் அரை மணியில் இதன் போக்கைப் பிடித்துக்கொள்வான்.

இந்த எளிமைதான் ஸ்நோர்ட்டைப் பரப்பியது. ஒரு நாட்டில் ஒருவர் ஒரு தாக்குதலைக் கண்டு ஒரு வரி எழுதினால், மறுநாள் அது பல நாடுகளில் காவல் காத்தது. 2010இல் முதற்பதிப்பாக வெளிவந்த சுரிக்காட்டா என்னும் மற்றொரு திறமூலக் கருவியும் பெரும்பாலும் இதே விதிமொழியைத்தான் தழுவிக்கொண்டது. போட்டியாக வந்தவனே மொழியை ஏற்றுக்கொண்டான் எனின், அம்மொழியின் வலிமைக்கு வேறு சான்று வேண்டா.

ஆயினும் இச்சிறப்பிலேயே குறையும் பிறக்கிறது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது நாம் அறிந்த முறை. இங்கும் தாக்குதல் முந்தும், விதி பிந்தும். காணாத ஒன்றுக்கு யாரும் வரி எழுத முடியாது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் பரவிய ஸ்லாமர் என்னும் கணினிப் புழு, தாக்கத்தக்க நிலையிலிருந்த கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை ஏறத்தாழப் பத்து நிமிடத்துள் பற்றிக்கொண்டது என்று அதனை ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். அதன் வழியை அடைக்கும் திருத்தமோ 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தை இட்டவர் தப்பினர். தாக்குதலைக் கண்ட பிறகு விதி எழுத அமர்ந்தவருக்கோ, எழுதி முடிக்கும் முன்னரே எல்லாம் முடிந்திருக்கும்.

பத்து நிமிடம் என்னும் வாக்குறுதி

ஸ்நோர்ட்டைத் தொகுத்து நிறுவச் சில நிமிடங்கள் போதும். அமைத்து இயக்க மேலும் ஒரு பத்து நிமிடம் ஆகலாம் என்று ரோஷ் எழுதுகிறார். நிரலை ஓட வைப்பதற்கு இது பொருந்தலாம். காவலை ஏற்படுத்துவதற்கு இது பொருந்தாது. கட்டுரையின் பெருங்குறை இதுவே என்பது நம் கருத்து.

காரணங்களைப் பார்ப்போம். முதலாவது, கருவி எதைப் பார்க்கிறது என்பது. இக்கால வலையிணைப்புப் பெட்டிகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் அதற்குரிய கணினிக்கு மட்டுமே அனுப்பும். அவற்றின் நகலைக் காவற்கருவிக்குத் தருமாறு பெட்டியில் தனியே ஆணையிட வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எதையும் பாராது. அதன் மௌனத்தை அமைதி என்று எண்ணி நாமும் உறங்குவோம்.

இரண்டாவது, 'நம் வீடு' எது என்று கருவிக்குச் சொல்லுதல். உள்முகவரிகள் இன்னவை என்ற குறிப்பைத் திருத்தாமல் விட்டால், உள்ளவர் யார், புறத்தவர் யார் என்ற வேறுபாடே விதிகளுக்குத் தெரியாது. மூன்றாவது, கணினியின் வலை அட்டை வேகம் கருதிச் சிறு பொட்டலங்களை ஒட்டிப் பெரிதாக்கித் தரும் வசதி உடையது. அதை அணைத்துவைக்குமாறு ஸ்நோர்ட், சுரிக்காட்டா இரண்டின் கையேடுகளும் அறிவுறுத்துகின்றன. ஒட்டுப்போட்ட ஏட்டைப் படிப்பவன் மூல ஏட்டைப் படித்தவன் ஆகான்.

நான்காவது காரணம் எல்லாவற்றினும் பெரிது. அது பொய் எச்சரிக்கை. ஒரு பள்ளி வலையில் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் இணைப்புகள் நிகழ்வதாகவும், அவற்றுள் பத்தே தீயவை என்றும் கொள்வோம். கருவி அப்பத்தையும் தப்பாமல் பிடிக்கிறது. நல்லவற்றுள் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாக ஐயுறுகிறது என்றும் கொள்வோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது மிகச் சிறந்த கருவியே. ஆனால் மாலையில் 1,010 எச்சரிக்கைகள் வந்து குவிந்திருக்கும். அவற்றுள் மெய்யானவை பத்து. நூறில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கின் உண்மையை ஸ்டெஃபான் ஆக்ஸெல்சன் என்னும் ஆய்வாளர், ரோஷின் கட்டுரை வந்த அதே 1999ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்த்தே கொள்ள வேண்டும் என்கிறார். எச்சரிக்கையைக் கணினியின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தல், நம் சூழலுக்குப் பொருந்தாத விதிகளை நீக்குதல் ஆகிய பணிகள் வாரக்கணக்கில் நீள்பவை. முற்றும் முடிந்துவிடுபவையும் அல்ல.

கட்டுரை சொல்லாமல் விட்டவை

தாமஸ் டாசெக், டிமோதி நியூஷாம் ஆகிய இருவர் 1998 ஜனவரியில் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். காவற்கருவியும் காக்கப்படும் கணினியும் ஒரே பொட்டல வரிசையை இரு விதமாகப் படிக்கச் செய்ய முடியும் என்பது அதன் கருத்து. 'தாமரை' என்னும் சொல்லை ஒருவர் பூவாகவும், இன்னொருவர் 'தா', 'மரை' எனப் பிரித்துத் தாவும் மானாகவும் கொள்வதை இலக்கண வகுப்பில் காட்டுகிறோம் அல்லவா? அதுபோல, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அனுப்பினால், சில கணினிகள் முதலில் வந்ததைக் கொள்ளும். சில பின் வந்ததைக் கொள்ளும். காவலன் பூ என்று படித்து வழிவிட்டது வீட்டுக்குள் மானாகத் துள்ளும். அவ்விருவரும் சோதித்த நான்கு கருவிகளும் இந்தச் சூழ்ச்சிக்கு ஆட்பட்டன. ஸ்நோர்ட்டின் பிற்காலப் பதிப்புகள் இதற்கு மருந்து கண்டன. ஆனால் காக்கப்படும் கணினி எவ்வகையது என்று நிர்வாகி எழுதிக்கொடுத்தால்தான் அம்மருந்து வேலை செய்யும். அதற்கும் பத்து நிமிடம் போதாது.

காவலனுக்கும் நோய் வரும் என்பதையும் கட்டுரை நினைத்துப் பார்க்கவில்லை. பகைவன் எழுதியதையெல்லாம் படிப்பதே இக்கருவியின் தொழில். 2003ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும், பொட்டலம் படிக்கும் பகுதிகளில் இருந்த பிழைகளால் ஸ்நோர்ட்டே தாக்குதலுக்கு வழியாகக்கூடும் என்பது வெளிப்பட்டது. உடனே திருத்தங்களும் வந்தன. நிறுவிவிட்டு மறந்தவர் வீட்டில் அத்திருத்தங்கள் நுழையவில்லை.

காலம் கொணர்ந்த மாற்றம் ஒன்றும் உண்டு. 1999இல் வலைச் செய்திகளுள் மிகப் பல மறைப்பின்றிச் சென்றன. இன்று பெரும்பாலானவை மறைகுறியாக்கம் பெற்றுச் செல்கின்றன. உறையைக் காணலாம், ஓலையைப் படிக்க இயலாது. இது ரோஷின் பிழையன்று. எனினும் அவர் முறையை இன்று கையாள்வோர் அதன் எல்லையை உணர்தல் வேண்டும்.

கண்டறிதலும் தடுத்தலும்

ரோஷ் முதலில் வரைந்தது கண்டு சொல்லும் கருவி. 2005ஆம் ஆண்டளவில் அது வழியின் நடுவே நின்று தடுக்கும் ஆற்றலையும் பெற்றது; சுரிக்காட்டாவும் அவ்வாறே இயங்க வல்லது. தடுத்தல் கண்டறிதலினும் மேலானது என்று பலர் உடனே எண்ணிவிடுகின்றனர். கண்டு சொல்லும் கருவி தவறினால் நம் பொழுது வீணாகும். தடுக்கும் கருவி தவறினால், தேர்வு நாளன்று மாணவர் அனுப்பும் விடை வழியிலேயே வீழும். மேலும், கருவி செயலிழந்தால் வாயில் திறந்திருக்க வேண்டுமா, அடைபட வேண்டுமா என்பதையும் நிறுவுவோர் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். மருத்துவமனைக்கு ஒரு விடை. வங்கிக்கு வேறொரு விடை. இதைக் கருவி முடிவு செய்ய இயலாது.

இவ்விடத்தில் வெர்ன் பாக்ஸனை நினைவு கூர்தல் தகும். பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த அவர், 1998 ஜனவரியில் 'புரோ' என்னும் தம் கருவியைப் பற்றிக் கட்டுரை அளித்தார். நிகழ்ந்தது யாது என்பதை ஒரு பகுதி பதிவு செய்ய, அது குற்றமா என்பதை வேறொரு பகுதி முடிவு செய்யுமாறு அவர் பிரித்து வைத்தார். அப்பெயரும் பொருளுடையது. ஜார்ஜ் ஆர்வெல்லின் புதினத்தில் எல்லாரையும் கண்காணிக்கும் 'பெரிய அண்ணன்' நினைவாகவே, கண்காணிப்பு தனியுரிமையை மீறவும் கூடும் என்று எச்சரிக்க அப்பெயரை இட்டார். 2018இல் அக்கருவி 'ஸீக்' எனப் பெயர் மாறிற்று, எச்சரிக்கை பழையதாகவில்லை. மாணவர் மடல்களும் ஆசிரியர் மடல்களும் செல்லும் வழியில் ஒரு கண்ணை வைப்போர், யார் எதைப் பார்க்கலாம், எத்துணை நாள் பதிவை வைக்கலாம் என்று எழுதி வைத்தல் வேண்டும். ரோஷின் கட்டுரையில் இவ்வுணர்வு இல்லை. இந்த ஒன்றில் பாக்ஸன் அவரினும் ஒரு படி உயர்ந்து நிற்கிறார்.

மூலம் திறந்தது, உரை?

ஸ்நோர்ட்டின் மூலம் இன்றும் திறந்தே இருக்கிறது. ரோஷ் 2001இல் தொடங்கிய சோர்ஸ்ஃபையர் நிறுவனத்தைச் சிஸ்கோ நிறுவனம் 2013இல் வாங்கிய பின்னரும் அது மாறவில்லை. ஆனால் புதிய விதிகளைப் பணம் செலுத்துவோர் உடனே பெறுவர்; இலவசமாகப் பதிவு செய்துகொண்டோர் அவற்றை 30 நாள் கழித்தே பெறுவர். நூலை இலவசமாகத் தந்து உரையைத் தாமதித்துத் தருவது போன்றது இது. விதி எழுதுவோர்க்கும் ஊதியம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பொதுவில் கிடைக்கும் சமூக விதிகளையும் சேர்த்துக்கொள்ளாத சிறு நிறுவனம் ஒரு திங்கள் பின்தங்கியே காவல் காக்கும் என்பதை அறிந்திருத்தல் நலம்.

முடிவுரை

2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் தன்விவரங்கள் களவாடப்பட்டன. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையின் முதன்மையான முடிவுகளுள் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஐயத்திற்குரிய அறிகுறிகள் ஊழியர் சிலர் கண்ணில் பட்டே இருந்தன. உரிய காலத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. கருவி கூவினாலும் கேட்டு எழுபவர் இல்லையேல் பயனில்லை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டா.

ரோஷின் கட்டுரை தெளிவானது, அடக்கமானது, கொடைக்குணம் உடையது. எளியோர் கையில் ஒரு காவற்கருவியைத் தந்த அதன் புகழ் குன்றாது. ஆனால் அதனைத் தனியே படித்தல் கூடாது. டாசெக், நியூஷாம் ஆய்வையும் பாக்ஸனின் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். பள்ளிகளிலும் சங்கங்களிலும் இக்கருவியை நிறுவ முற்படுவோர் முதற்கண் கண்டறிதலோடு நிற்க. சில திங்கள் எச்சரிக்கைகளைப் படித்து, பொருந்தாத விதிகளைக் களைக. ஐயமற்ற சில விதிகளுக்கு மட்டும் பின்னர்த் தடுக்கும் உரிமை தருக. எல்லாவற்றுக்கும் முன்பாக, நாள்தோறும் அப்பதிவேட்டைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார் என்று ஒருவரைக் குறித்து, அதற்குரிய நேரத்தையும் அவர் பணியில் ஒதுக்கிக் கொடுக்க. அவர் இன்னார் என்று முடிவாகும் வரை, நிறுவுதலைத் தள்ளி வைப்பதே அறிவுடைமை.