குடவோலை: வாக்கா, குலுக்கலா?

குடவோலை பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழர் தேர்தல் நடத்தினர். பாரோயில் நான் திருத்தும் தாள்களிலும் இதேதான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கொடுக்கிற மாதிரிக் கட்டுரைகளே அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே யாரும் வாக்களிக்கவே இல்லை. நடந்தது குலுக்கல்.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. ஊரில் 30 குடும்புகள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். கல்வெட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க முடியாதல்லவா? நிகழ்தகவுக் கணக்கில் நாம் ‘சமவாய்ப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சமவாய்ப்பைக் காப்பாற்ற எவ்வளவு காவல் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

இனி கணக்கு. ஒரு குடும்பில் 10 ஓலை இருந்தால் ஒருவருக்கு வாய்ப்பு 1/10. பக்கத்துக் குடும்பில் 5 ஓலைதான் என்றால் 1/5. ஆக, சமம் என்பது குடும்புகளுக்கு இடையில்தான். ஆளுக்கு ஆள் இல்லை. எந்தக் கட்டு முதலில் வந்தது என்பதும் கணக்கை மாற்றாது. எப்படியும் முப்பது கட்டும் எடுக்கப்படும்.

முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது என்று ஒரு விதி உண்டு. தேர்வு மாணவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 10 பேர் கொண்ட குடும்பில் மற்ற பெயர்கள் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 10 ஓலை, அடுத்த ஆண்டு 9, அதற்கடுத்து 8. மூன்று ஆண்டும் ஒருவர் பெயர் வராமல் போகும் நிகழ்தகவு 9/10 × 8/9 × 7/8 = 7/10. வருவதற்கு 3/10. அந்த விதி இல்லாவிட்டால் 1 − (9/10)³, அதாவது 0.271. வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரும் வழி அடைபட்டுப் போகிறது.

இன்னொரு கணக்கையும் பார்க்கிறேன்: 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்குப் போவதால் வாய்ப்பு 12/30 என்பது. இது தவறுங்க. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணி செய்தவர், கல்வியிலும் வயதிலும் மூத்தவர் என்று பார்த்துத்தான் அந்தப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். பார்த்து எடுப்பதற்கு நிகழ்தகவுச் சூத்திரம் பொருந்தாது. குடத்துக்குள் போகவே கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு வாய்ப்பு பூச்சியம். கட்டுரையில் இதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்பட வேண்டாம். கருத்துக்குக் கனம்தான் கூடும்.

அகநானூற்று 77ஆம் பாடலையும் சங்ககாலத் தேர்தலுக்குச் சான்றாகக் காட்டுகிறோம். மருதன் இளநாகனார் பாட்டு. கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைப் பார்த்து உடைத்து ஓலையை எடுக்கிறார்கள். அது எதற்கான ஓலை என்று பாட்டில் இல்லை. அதோடு, அது உவமைதான். சொல்ல வந்தது பாலைவழியில் இறந்து கிடப்பவரின் குடலைக் கழுகு இழுப்பதை. அந்தக் காட்சிக்கு உவமை தேடிய புலவரை, மக்களாட்சியைப் புகழ்ந்தார் என்று எழுதினால் எப்படி?