டூரிஸ்ட் (இசைத்தொகுப்பு): ஒரு மதிப்பீடு

டூரிஸ்ட், பிரெஞ்சு இசையமைப்பாளர் லுடோவிக் நவார் 'செயின்ட் ஜெர்மெய்ன்' என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு. ஹவுஸ் எனப்படும் மின்னணு நடன இசையின் தாளத்தின்மேல் ஜாஸ், ப்ளூஸ், சோல், ரெகே ஆகிய இசை வகைகளைப் பொருத்திய 9 உருப்படிகள் இதில் உள்ளன. தலைப்பின் பொருள் 'சுற்றுலாப் பயணி'. தொகுப்பின் சிறப்பு, குறை இரண்டையும் அந்த ஒரு சொல்லே சுட்டிவிடுகிறது.

பின்னணி

ஹவுஸ் இசை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள் கூடிய நடனக் கூடங்களில் உருவானது. ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இயக்கிய 'வேர்ஹவுஸ்' கூடத்தின் பெயரே சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பர். இதன் இலக்கணம் எளிது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் முரசின் அடி விழும். அந்த அடி மாறாது. அதைச் சுற்றி வரும் பிற ஒலிகள் சேர்வதும் விலகுவதுமே கேட்பவரை நகர்த்திச் செல்கின்றன.

ஜாஸ் இசையின் இயல்பு இதற்கு எதிரானது. அங்கே தாளம் வாசிப்பவரும் மற்றவரோடு உரையாடுவார். அடியைச் சற்றே தள்ளிப்போடுவார். மனோதர்மத்துக்கு இடம் கொடுப்பார். மாறாத அடியையும் மாறிக்கொண்டே இருக்கும் வாசிப்பையும் ஒன்றாக வைப்பது எப்படி என்பதே நவார் எடுத்துக்கொண்ட சிக்கல்.

பாரிசுக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரின் செயின்ட் ஜெர்மெய்ன் தே ப்ரே பகுதியிலுள்ள நிலவறைக் கூடங்களில் ஜாஸ் செழித்தது. நவார் சூடிக்கொண்ட பெயர் அந்த நினைவையும் எழுப்புகிறது. அவருடைய முந்தைய தொகுப்பான 'புலவார்' 1995-இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட எஃப் கம்யூனிகேஷன்ஸ், லோரன் கார்னியே, எரிக் மோரான் ஆகியோர் நிறுவிய மின்னணு இசை நிறுவனம். டூரிஸ்ட் தொகுப்பையோ, 1939-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டு ஜாஸ் வரலாற்றோடு பின்னிப்பிணைந்த ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. நடனக் கூடத்துக்கான இசையை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது அன்று பலருக்கும் வியப்பளித்தது.

ஆக்க முறை

நவார் இரண்டு வகைப் பொருள்களைக் கொண்டு இத்தொகுப்பை அமைத்தார். ஒன்று, பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள். இதைச் 'சாம்பிள்' என்பர். சில நொடிகளே நீளும் ஒரு துண்டைக் கணினியில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதையே பாடலின் அடித்தளமாக்குவது இம்முறை. மற்றொன்று, இத்தொகுப்புக்காகவே இசைக்கலைஞர்கள் வாசித்தவை. பாஸ்கல் ஓசே ட்ரம்பெட்டும், எடுவார் லபோர் சாக்சபோனும் புல்லாங்குழலும், அலெக்சாந்தர் தெஸ்த்ரே விசைக்கருவிகளும் வாசித்தனர். செனகல் நாட்டுக் கலைஞர் இத்ரிசா தியோப்பின் தாளக்கருவியும் தொகுப்பில் உண்டு.

வெட்டிய துண்டு ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்பி வரும். மனிதர் வாசிப்பது அப்படி வராது. இவ்விரண்டும் எதிரெதிரே நிற்கும் இடங்களில்தான் தொகுப்பின் மிக நல்ல கணங்கள் அமைகின்றன.

'ரோஸ் ரூஜ்'

தொகுப்பின் முதல் உருப்படியும் மிகவும் அறியப்பட்ட உருப்படியும் இதுவே. இதன் தாள ஒலிகள் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டவை. பால் டெஸ்மண்ட் இயற்றி 1959-இல் வெளியான அந்தப் பாடல் ஐந்து எண்ணிக்கை கொண்ட தாளத்தால் புகழ்பெற்றது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஜோ மொரெல்லோ. நவார் அந்த ஒலியை எடுத்து நான்கு எண்ணிக்கைக்குள் அடக்கினார். கர்நாடக இசை பயில்வோர் மொழியில் சொன்னால், கண்டத்தில் பிறந்த ஒலி சதுசிரத்தில் நடக்க வைக்கப்பட்டது. நடனத்துக்கு இது வேண்டியதே. எனினும் மூலத்தை அறிந்தவர் காதில் அந்த ஐந்தாவது எண்ணிக்கையின் இழப்பு தங்கிநிற்கும்.

இதைவிடப் பெரிய கேள்வி, இதில் வரும் பெண் குரல் பற்றியது. அது மார்லீனா ஷா என்ற அமெரிக்கப் பாடகியின் குரல். அவர் 1969-இல் 'உமன் ஆஃப் தி கெட்டோ' என்ற பாடலைப் பதிவு செய்தார். அதை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். நகரின் ஒதுக்கப்பட்ட பகுதியில் வாழும் கறுப்பினத் தாய் ஒருத்தி, சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவரைப் பார்த்து, இங்கே பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று கேட்பதே அப்பாடல். 1973-இல் சுவிட்சர்லாந்தின் மோந்திரோ ஜாஸ் விழாவில் ஷா இதை விரிவாகப் பாடினார். நவார் துண்டெடுத்தது அந்த மேடைப் பதிவிலிருந்துதான்.

ஆனால் 'ரோஸ் ரூஜ்' பாடலில் அந்தக் கேள்வி இல்லை. மேடையில் ஷா மக்களை ஒன்றுசேர அழைத்த சொற்கள் மட்டுமே இருக்கின்றன. அவையே சுழன்று சுழன்று வருகின்றன. மூலத்தில் அந்த அழைப்புக்கு முன்னும் பின்னும் வறுமை உண்டு, சினம் உண்டு, பிள்ளைகள் உண்டு. இங்கே அது நடனமாடக் கூப்பிடும் குரலாக மட்டும் நிற்கிறது. கேட்பவருள் பெரும்பாலோர் அந்தத் தாயை அறியாமலே ஆடியிருப்பர்.

இந்த உருப்படியின் அழகை மறுக்க இயலாது. குரல் முதலில் வருகிறது. முரசு பின்னர் சேர்கிறது. ட்ரம்பெட்டும் சாக்சபோனும் அவசரமின்றி நுழைந்து குரலுக்கு விடை சொல்கின்றன. ஏறத்தாழ 7 நிமிடங்களில் ஓர் இடத்திலும் தேவையற்ற ஒலி இல்லை. கருவிகள் குரலுக்கு மறுமொழி சொல்ல முடிகிறது. குரலால் கருவிகளுக்கு மறுமொழி சொல்ல முடிவதில்லை. பதிவுத் துண்டுக்கு அந்த உரிமை கிடையாது. உரையாடல் போல் கேட்பது உண்மையில் ஒரு பக்கத்துப் பேச்சு.

ஹூக்கரும் ராங்லினும்

இதே வேறுபாட்டை மேலும் இரண்டு உருப்படிகள் தெளிவாக்கும். 'ஷ்யூர் திங்' ப்ளூஸ் மேதை ஜான் லீ ஹூக்கரின் கிதார் ஒலியையும் முனகலையும் கொண்டது. அத்துண்டு 'தி ஹாட் ஸ்பாட்' என்ற 1990-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இசையிலிருந்து எடுக்கப்பட்டது. ஹூக்கர் சீரான தாளத்துக்குக் கட்டுப்படாதவர் என்று பெயர் பெற்றவர். தமக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்துவார், நீட்டுவார். 'ஷ்யூர் திங்' பாடலில் அவரது வாசிப்பு கணினியின் அடிக்குள் ஒழுங்காக அமர்ந்துவிடுகிறது. ஒலியின் நிறம் அவருடையது, நடை அவருடையதன்று.

'மான்டேகோ பே ஸ்ப்ளீன்' இதற்கு மாறானது. இதில் கிதார் வாசித்தவர் ஜமைக்காவின் மூத்த கலைஞர் எர்னஸ்ட் ராங்லின். ஜமைக்காவின் ஸ்கா இசை உருவான காலத்திலிருந்தே அதில் பங்குகொண்டவர் இவர். 1964-இல் மில்லி ஸ்மால் பாடி உலகப் புகழ்பெற்ற 'மை பாய் லாலிபாப்' பாடலின் இசைக்கோப்பு இவருடையதே. மான்டேகோ பே என்பதும் ஜமைக்காவின் கடற்கரை நகரமே. இந்த உருப்படியில் ராங்லின் அடியைத் தொடர்ந்தும் போகிறார், அதை விட்டு விலகியும் போகிறார். ஒரு சிறு தொடரை எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக முடிக்கிறார். மாறாத முரசு இங்கே சிறையாக இல்லை. நடப்பதற்குத் தரையாக இருக்கிறது. தொகுப்பில் ஓர் ஊரின் பெயர் அவ்வூர் நாட்டவரின் கைகளாலேயே ஒலிப்பது இங்குதான்.

பின்னணி இசை என்ற குற்றச்சாட்டு

டூரிஸ்ட் வெளிவந்த காலத்தில் பாரிசின் ஓட்டல்களும் மதுக்கூடங்களும் தங்கள் பெயரிலேயே இசைத்தொகுப்புகளை வெளியிடத் தொடங்கியிருந்தன. ஓட்டல் கோஸ்த், புத்தா பார் ஆகியவற்றின் தொகுப்புகள் பரவலாக விற்றன. டூரிஸ்ட் தொகுப்பும் அவ்வரிசையில் வைத்துப் பார்க்கப்பட்டது. உணவகத்தில் மெல்ல ஒலிக்க ஏற்றது, உரையாடலைக் கெடுக்காதது என்பதே அந்தப் பாராட்டு. அதுவே பழியும் ஆகும்.

இப்பழி ஓரளவே பொருந்தும். 'சோ ஃப்ளூட்' உருப்படியில் புல்லாங்குழல் மூச்சின் கரகரப்போடு ஒலிப்பதையும், 'லேண்ட் ஆஃப்' உருப்படியில் தாளம் தளர்ந்து ரெகே இசையின் பக்கம் சாய்வதையும் கவனித்துக் கேட்பவர் இதனைச் சுவர்த்தாள் என்று ஒதுக்கமாட்டார். ஆனால் 'லத்தீன் நோட்' போன்ற உருப்படிகளில் பழி நிற்கிறது. அங்கே இசை ஓர் ஊரின் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. 'லா கூத் தோர்' என்ற பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய மக்கள் பெருமளவில் வாழும் பாரிசு நகர்ப்பகுதியைக் குறிக்கும். அந்தப் பெயருக்குப் பின்னுள்ள வாழ்க்கையை அறிய அந்த உருப்படி போதாது. சுற்றுலாப் பயணி எல்லா ஊருக்கும் போவார். எந்த ஊரிலும் குடியிருக்கமாட்டார். நவார் இந்தத் தலைப்பை இட்டதில் நேர்மை உள்ளது.

பின்னர் வந்த தொகுப்பு

நவாரின் அடுத்த தொகுப்பு 2015-இல்தான் வந்தது. 'செயின்ட் ஜெர்மெய்ன்' என்றே பெயரிடப்பட்ட அதில் மாலி நாட்டு இசைக்கலைஞர்கள் அந்நாட்டு நரம்பிசைக் கருவிகளை வாசித்தனர். அப்போதும் அவர் துண்டெடுப்பதை விடவில்லை. 'ரியல் ப்ளூஸ்' பாடலில் லைட்னின் ஹாப்கின்ஸ் குரல் உண்டு. ஆயினும் தொகுப்பின் மையம் உடனிருந்து வாசிப்பவர்களிடம் நகர்ந்திருந்தது. 'மான்டேகோ பே ஸ்ப்ளீன்' காட்டிய வழியே அது எனக் கொள்ளலாம்.

மதிப்பீடு

மின்னணு நடன இசையும் ஜாஸும் ஒன்றையொன்று கெடுக்காமல் இணையலாம் என்பதற்கு டூரிஸ்ட் நல்ல சான்று. பொறுமையும் அளவும் அதன் பண்புகள். இரவல் குரல்களின் துயரத்தை நீக்கி, இனிமையை மட்டும் வைத்துக்கொண்டது அதன் குறை. இந்தக் குறையை நிரப்பும் வழி கேட்பவரிடமே உள்ளது. மாணவர்கள் 'ரோஸ் ரூஜ்' கேட்டபின் மார்லீனா ஷாவின் 1973-ஆம் ஆண்டு மேடைப் பதிவைத் தேடி முழுமையாகக் கேட்க வேண்டும். ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும் பதிவு அது. அதன்பின் 'ரோஸ் ரூஜ்' பாடலுக்குத் திரும்பினால், அழைக்கும் அக்குரல் யாருடையது, யாருக்காக அழைத்தது என்பது தெரிந்திருக்கும். ஷா 2024-இல் காலமானார். அவர் கேட்ட கேள்வி அந்தப் பழைய பதிவில் அப்படியே இருக்கிறது.