லைன் போனாலும் கமிட்

பாகான் டத்தோவில், தென்னந்தோப்பு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் மழை வந்தால் லைன் போய்விடும். போகட்டும். ‘கிட் ஆட்’, ‘கிட் கமிட்’ இரண்டுக்கும் இணையமே வேண்டாம். மாற்றம் கணினியிலேயே பதிவாகிவிடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவிதான் கிட்; லினக்ஸ் கெர்னல் வேலைக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. லைன் வந்ததும் ‘கிட் புஷ்’; பதிந்தவை பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது, அது மறுக்கும் இடம்தான். ஈப்போவிலிருக்கும் கூட்டாளி முந்திக்கொண்டு அனுப்பியிருந்தால், ‘ரிஜெக்டட்’ என்று சிவப்பில் காட்டி நிறுத்திவிடும். முதலில் ‘கிட் புல்’ செய்ய வேண்டும். அவருடைய மாற்றங்களை இறக்கி என்னுடையதோடு இணைக்கும். இருவரும் ஒரே வரியில் கைவைத்திருந்தாலோ, தானாக முடிவெடுக்காது. இரண்டையும் அம்புக்குறிகளுக்கு நடுவே வைத்து நம்மிடமே விட்டுவிடும். என்ன மரியாதை! ‘ஃபோர்ஸ்’ சேர்த்துப் புஷ் செய்தால் அவர் அனுப்பியதைத் தள்ளிவிட்டு நம்முடையதை ஏற்றிவிடலாம். நான் அதைத் தொடுவதில்லை.