பட்டாணிக் கொடியும் படக்கருவியும்

தாதாசாகெப் பால்கே (1870–1944) என்றவுடன் 1913இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வையே எவரும் நினைவுகூர்வர். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்படுவது அது. ஆயின் அதற்கு முன்னரே அவர் எடுத்த சிறு படம் ஒன்றுண்டு. அதில் மன்னனும் இல்லை, தேவரும் இல்லை. பட்டாணி விதைகளே உண்டு. பால்கேயின் கலைவாழ்வை மதிப்பிட விழைவோர் அவ்விதையிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்த பால்கே, பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் பயின்றவர்; நிழற்படக் கலையும் அச்சுத் தொழிலும் கைவரப் பெற்றவர். கண்கட்டு வித்தையும் கற்றார். தம் பெயரையே திருப்பிப் போட்டு, ‘புரொபசர் கெல்ஃபா’ எனும் பெயரில் மேடையேறினார். கண்ணை ஏமாற்றும் வழிகளை முறையாகக் கற்ற இம்மனிதர், 1912இல் லண்டன் சென்று படக்கருவி வாங்கித் திரும்பியதும் முதலில் செய்தது யாது? தொட்டியில் பட்டாணியை ஊன்றினார். எதிரே கருவியை அசையாது நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக விட்டுவிட்டுப் படம் பிடித்தார். விதை வெடித்து, முளைவிட்டு, கொடியாகிப் படரும் காட்சி திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நிகழ்ந்தது. அதைக் கண்டோர் கடன் கொடுக்க முன்வந்தனர்; கதைப்படம் பிறந்தது.

இங்கே நுணுகி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. ஓடும் கருவியை நிறுத்தி, நின்ற ஆளை விலக்கி, மீண்டும் ஓட்டினால் அவர் மாயமாய் மறைவார். கருவியை நிறுத்தி, கொடி வளரும்வரை காத்திருந்து, மீண்டும் ஓட்டினால் இறைவனின் படைப்பு நிகழும் விதம் விளங்கும். உத்தி ஒன்றே; ஒன்று இல்லாததைக் காட்டுகிறது, மற்றொன்று இருந்தும் நம் கண்ணுக்கு எட்டாததைக் காட்டுகிறது.

பின்னாளில் ‘லங்கா தகன்’ (1917), ‘காளிய மர்தன்’ (1919) முதலிய புராணப் படங்களுக்கே அவர்தம் திறன் பெரிதும் செலவாயிற்று. பட்டாணிக் கொடியின் வழியிலேயே அவர் மேலும் நடந்திருப்பின் நம் நாட்டு அறிவியல் படக்கலை அன்றே தழைத்திருக்கும். இக்குறையை நாம் மறைக்கவில்லை. எனினும் அவர் வஞ்சகர் அல்லர். படம் உருவாகும் விதத்தையே ஒரு படமாக்கி, தாம் நடிகரை இயக்குவதையும் படச்சுருளை வெட்டி ஒட்டுவதையும் மக்களுக்குக் காட்டினார். ‘காளிய மர்தன்’ தொடங்கும்போதே, கண்ணனாக நடிக்கும் தம் மகள் மந்தாகினியின் முகபாவங்களைக் காட்டி, ‘இது நடிப்பு’ என உணர்த்திய பின்னரே கதைக்குள் புகுந்தார்.

விட்டுவிட்டுப் பதிந்து கோத்துக் காணும் அம்முறை ஆய்வுக்கும் உரியதே. சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் தெரியும் மலைகளுக்கு மேலே கோடைக்கானல் வானாய்வுக் கூடம் உள்ளது. 1899இல் நிறுவப்பட்ட அக்கூடத்தில், 1904 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனைப் படம் பிடித்து வருகின்றனர். அப்படங்களை வரிசையாகக் கோத்தால், ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கொருமுறை கதிரவப் புள்ளிகள் பெருகித் தேய்வதைச் சில நொடிகளில் காணலாம். ஒவ்வொரு படத்திற்கும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பதே அதன் நம்பகத்துக்கு அடிப்படை.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியை மட்டும் கேட்டு அமைந்தாரில்லை. அது வந்த வழியாகிய இஸ்னாதையும் கேட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியைக் கொணர்ந்து, மரம் ஸுஜூது செய்வதாகவும் மேகம் இறைத் திருநாமமாக வடிவெடுப்பதாகவும் காட்டுகின்றனர். பெரியோரும் விசாரியாமல் ‘ஸுப்ஹானல்லாஹ்’ எனக் கூறிப் பலருக்கும் அனுப்புகின்றனர். எடுத்தவர் யார், எங்கே, எவ்வாறு என்று கேட்பாரில்லை. பொய்ச் சான்றினால் ஈமான் வலுப்பெறுமோ? அப்பொய் வெளிப்படும் நாளில், அதை நம்பி வளர்ந்த பிள்ளை மெய்யையும் ஐயுறுமன்றோ!

பட்டாணி முளைப்பதே ஓர் அத்தாட்சி. அதற்கு ஒப்பனை வேண்டியதில்லை. கண்கட்டு வித்தை கற்ற பால்கே தம் உத்தியை ஒளிக்காமல் திறந்து காட்டினார். நம் கைக்கு வரும் ஒவ்வொரு படத்திடமும் அந்த நேர்மையைக் கேட்டுப் பெறுதல் நம் கடன்.