வரப்புக்கு மடை வேண்டும்

ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கின்றன. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஆலைகளின் மதில் வரும். மதிலையொட்டி ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட செடிகள் இருக்கும். அந்தச் செடிகளைச் சுற்றி வண்ணம் பூசிய கான்கிரீட் விளிம்பு ஓடும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்துக்கு ரெனோ – நிசான் வந்தது, 2012இல் டைம்லர். இவற்றைச் சுற்றி மனைப்பிரிவுகளும் தனிவீடுகளும் பெருகின. வீட்டு வாசலில் பத்தடி மண் கிடைத்தவர்கள், தோட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆலை வாசலைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இன்று இந்தப் பகுதியில் புது வீடு கட்டுபவர் செடி வாங்கும் முன்பே பாத்திக்கு எந்த டிசைனில் விளிம்பு கட்டலாம் என்று கேட்கிறார். இந்தப் பழக்கத்தின் நன்மை தீமைகளை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் இது.

முதலில் நன்மைகள். விளிம்பு இல்லாத பாத்தி ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது. ஐப்பசியில் கொட்டும் மழை, போட்ட எருவையும் மேல்மண்ணையும் நடைபாதைக்கு இழுத்து வந்துவிடும். அருகம்புல்லும் கோரையும் பாத்திக்குள் புகுந்தால் களையெடுத்தே மாளாது. செங்கல்லைச் சாய்த்து வரிசையாகப் புதைப்பது நம் பழைய வழக்கம். ஆனால் சரியாக வேகாத செங்கல் ஈரத்தில் ஊறி, சில வருடங்களில் பொடிந்து உதிரும். மரச்சட்டம் வைத்தால் கரையான் விடாது. கான்கிரீட்டுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. குழந்தைகள் ஏறி நடந்தாலும், பைக் சக்கரம் உரசினாலும் தாங்கும். அதோடு இங்கே ஹாலோபிளாக் பட்டறைகளும் கிரஷர்களும் அருகிலேயே இருப்பதால் எம்-சாண்டும் ஜல்லியும் சுலபமாகக் கிடைக்கும். ஆகவே கான்கிரீட்டை நாடுவதில் தவறில்லை.

கடையில் கிடைக்கும் வகைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். அலைபோல வளைந்த துண்டுகள், மரக்கட்டைகளை நட்டு வைத்த தோற்றம், குட்டி வேலி, சாலைக்குப் போடும் கெர்ப் ஸ்டோன் ஆகியவை பட்டறையில் அச்சில் வார்த்து வருபவை. பலகை அடைத்தோ மெஷின் வைத்தோ வாசலிலேயே நீளமாக வார்த்து, ஈரம் காயும் முன் கல் வடிவம் பதிப்பது இன்னொரு வகை. மேற்பூச்சைக் கழுவிவிட்டு ஜல்லிச் சிப்ஸ் வெளியே தெரியும்படி விடுவது மூன்றாவது.

பார்வைக்கு முதலிடம் பிடிப்பது நீளமாக வார்த்த விளிம்புதான். எந்த வளைவுக்கும் இடம் கொடுக்கும், இணைப்பு தெரியாது, புல் நுழைய இடுக்கும் இருக்காது. அதன் பலவீனமும் அந்த இணைப்பில்லாத தன்மையில்தான் இருக்கிறது. கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வெப்ப வேறுபாடு ஏற்பட்டால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மாறும். காயும்போது ஏற்படும் சுருக்கம் இதில் சேராது. வெட்டுக்கோடு விடாமல் வார்த்தால் அது தானாகவே ஓர் இடத்தில் வெடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் மண்ணும் இங்கே ஒத்துழைப்பதில்லை. நிலவியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே ஒரு பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். கிரெட்டேசியஸ் காலத்துத் தாவரப் படிவங்கள் கிடைக்கும், களிப்பாறை மிகுந்த அடுக்கு அது. களி மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். அதன் மேல் சவுடு மண் கொட்டி மனையை உயர்த்தியிருந்தால், முதல் இரண்டு மழைக்காவது அந்த மண் இறங்கும். ஒரே துண்டாக வார்த்த விளிம்பு நடுவில் உடைய இவையே காரணம். பழியை மேஸ்திரி மீது போடுகிறோம்.

துண்டுகளாக வரும் விளிம்பு இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. மண் இறங்கினால் இரண்டு துண்டுகள் சாயும். அவற்றை எடுத்து, மணல் பரப்பி மட்டம் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம். செடி வளர்ந்து பாத்தியை அகலப்படுத்த வேண்டுமானாலும் சிரமமில்லை. அதன் குறை தயாரிப்பில் இருக்கிறது. பட்டறையில் பிளாஸ்டிக் அச்சில் ஆயில் தடவி, கலவையைக் கொட்டி, வைப்ரேட்டர் மேசையில் அதிரவிட்டு, மறுநாள் அச்சிலிருந்து கழற்றுவார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு 7 நாளாவது, கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காட்ட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 456. அவசர ஆர்டரில் இது சுருங்கிவிடும். அப்படி வந்த துண்டின் முனையை ஆணியால் கீறினாலே மணல் உதிரும். வாங்குபவர் டிசைன் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் பாதியை இந்தச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

நிறத்திலும் இதே கதைதான். மேலே பெயிண்ட் அடித்த விளிம்பு ஒரு மழைக்காலத்தில் உரியத் தொடங்கும். பாத்திப் பக்கமிருந்து ஈரம் ஏறி உள்ளிருந்தே தள்ளுவதால், எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. ரெட் ஆக்சைடு போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகளைக் கலவையிலேயே சேர்த்தால் நிறம் உடம்போடு இருக்கும். ரெட் ஆக்சைடு தரைகளில் வளர்ந்த நம் ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. மேலே வெள்ளையாக உப்புப் பூப்பது மட்டும் இதிலும் நடக்கும், காலப்போக்கில் குறையும்.

இவையெல்லாம் விளிம்புக்கு நேர்பவை. விளிம்பால் செடிக்கு நேர்வதை யாரும் கேட்பதில்லை. புது கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல். நீர் ஊற்ற ஊற்ற அதிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கும். இந்தப் பகுதியில் விளிம்போரம் அதிகம் நடப்பது இட்லிப்பூச் செடி. அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் செடி அது. காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள், பயனில்லை. அன்னபேதி உப்புக் கரைசல் தெளித்தால் இலை கொஞ்சம் தேறும், ஆனால் காரணம் அங்கேயே நிற்கிறது. விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நட்டு, மக்கிய எரு நிறையப் போடுவதே தீர்வு. சித்திரை வெயிலில் சூடேறிய கான்கிரீட்டை ஒட்டிய வேருக்கும் அந்த ஓரடி இடைவெளி உயிர் காக்கும்.

ஆகப் பெரிய குறை தண்ணீர் சம்பந்தப்பட்டது. இந்த நிலம் ஏரிகளின் நிலம். பக்கத்தில் செம்பரம்பாக்கம், ஊருக்கு ஊர் சின்ன ஏரிகள், அவற்றை இணைக்கும் கால்வாய்கள். 2015 டிசம்பர் வெள்ளம், நீர் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்துக்கு மறக்க முடியாதபடி காட்டியது. 2003இல் தமிழ்நாடு அரசு வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சேகரிப்புக் குழிக்குப் போக வேண்டிய நீரை, சுற்றிலும் இடைவெளியின்றி வார்த்த ஆறங்குல விளிம்பு பாத்திக்குள்ளேயே தேக்கி வேரை அழுகவிடுகிறது. அல்லது வாசலில் நிற்கும் நீரை மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளுகிறது. நெல் விளைந்த காலத்தில் வரப்பு போட்ட யாரும் மடை வைக்காமல் விட்டதில்லை. அதே நிலத்தில் இன்று வீடு கட்டும் நாம் வரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மடையை விட்டுவிட்டோம்.

செலவையும் கணக்கிடலாம். 15 சென்டிமீட்டர் அகலம், அதே உயரத்தில் 40 மீட்டர் நீளம் வார்த்தால் 0.9 கன மீட்டர் கான்கிரீட். எம் 20 கலவையில் இதற்கு ஏழு மூட்டைக்கு மேல் சிமெண்ட் பிடிக்கும். பாதி உயரம் போதுமான இடத்தில் முழு உயரம் கட்டினால் பணமும் நட்டம், நீரோட்டமும் நட்டம்.

ஆகவே என் முடிவு இது. வண்டி ஏறும் கேட் பக்கத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நீளமாக வார்த்தது சரி. அதிலும் மீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு கட்டாயம். செடிகளைச் சுற்றி, மணல் மேல் சிமெண்ட் இல்லாமல் பதித்த தாழ்வான துண்டுகளே ஏற்றவை. சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே இடைவெளி விடுங்கள், இல்லையேல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைப் புதையுங்கள். ஒரு நல்ல மழையில் வாசலில் நின்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே பட்டறைக்குப் போங்கள். அலையா, மரக்கட்டையா, வேலியா என்பது அதற்குப் பிறகு அவரவர் விருப்பம். அதில் எதைத் தேர்ந்தாலும் தோட்டம் கெடாது.