ஸ்டீயரிங்கைப் பிடிப்பவருக்கு விடுமுறை உண்டா?

நியூசிலாந்துக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்களில், விசா கைக்கு வந்ததும் ஒரு விவாதம் தொடங்கிவிடும். ஆக்லாந்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தெற்கே குவீன்ஸ்டவுன் வரை ஓட்டிக்கொண்டே போகலாமா? இல்லை, உள்நாட்டு விமானம் ஏறி நேரே அங்கே போய் இறங்கிவிடலாமா? கார் என்பவர், “வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாமே” என்பார். விமானம் என்பவர், “இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு மூன்று நாளா?” என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே ஓர் ஆளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்தான் ஓட்டப்போகிறவர்.

முதலில் தூரம். உலக வரைபடத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதால் நியூசிலாந்து சின்ன நாடு போலத் தோன்றுகிறது. பரப்பளவில் அது தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். அங்கே கடல் குறுக்கிடுகிறது. கப்பலில் குக் நீரிணையைத் தாண்டிப் பிக்டனில் இறங்கினால் கிறைஸ்ட்சர்ச் 340 கிலோமீட்டர், அங்கிருந்து குவீன்ஸ்டவுன் இன்னொரு 480. மொத்தம் சாலையில் மட்டும் ஏறத்தாழ 1,460 கிலோமீட்டர். நம் ஊர் நான்குவழிச் சாலைக் கணக்கில் இதை மணியாக மாற்றிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரிய நகரங்களின் ஓரங்களை விட்டால் அங்கே தேசிய நெடுஞ்சாலை என்பதே பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம். உச்ச வேகம் பொதுவாக 100 என்று பலகை சொல்லும், அடுத்த வளைவிலேயே இன்னொரு மஞ்சள் பலகை 35 போதும் என்று எச்சரிக்கும். ஆக்லாந்து–வெலிங்டனுக்கு மட்டுமே எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். வழியில் டௌப்போ ஏரியையும் டாங்கரிரோ எரிமலைகளையும் நின்று பார்த்தால் அது ஒரு நாளில் அடங்காது.

விமானத் தரப்பின் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. ஆக்லாந்திலிருந்து குவீன்ஸ்டவுனுக்குப் பறக்கும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவுதான். ஆனால் சிங்கப்பூர் வழியாக வந்து இறங்கும் பயணி குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, உணவுப் பொருள் சோதனையும் முடித்து, பத்து நிமிடத்துக்கு மேல் நடந்து உள்நாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி பெட்டியைப் போட வேண்டும். இடையில் விட்டுவைத்த நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். போதாக்குறைக்கு, குவீன்ஸ்டவுன் விமான நிலையம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இருட்டிய பிறகு விமானங்கள் அங்கே வந்துபோகத் தொடங்கியதே 2016இல்தான். குளிர்காலப் பனிமூட்டத்தில் விமானம் கிறைஸ்ட்சர்ச்சுக்கோ இன்வர்கார்கிலுக்கோ திருப்பிவிடப்படுவது உண்டு. அன்று மாலைக்குப் பணம் கட்டி வைத்த எல்லாமும் அதோடு சரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை ஆள் எண்ணிக்கைதான் பேசுகிறது. விமானக் கட்டணம் தலைக்கு ஒன்று, கார் வாடகை வண்டிக்கு ஒன்று. எனவே நான்கு பேர் என்றால் கார்தான் மலிவு என்று பலரும் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் என்று வைத்தாலும் மேலே சொன்ன தூரத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். காரைக் கப்பலில் ஏற்றத் தனிக் கட்டணம். எடுத்த ஊரில் திருப்பி விடாமல் வேறு ஊரில் விட்டால் பெரும்பாலும் அதற்கும் ஒரு கட்டணம். ஏழு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், அதற்கு நாள் வாடகை. விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் குறைக்க இன்சூரன்ஸில் கூடுதலாக ஒரு பிரிவு. இவையெல்லாம் ரசீதில் தெரியும். ரசீதில் தெரியாதது வழியில் தங்கும் இரண்டு மூன்று இரவுகளின் மோட்டல் வாடகை. விமானத்தில் போனால் அந்த இரவுகள் குவீன்ஸ்டவுனிலேயே கழிந்திருக்கும். இருவர் மட்டும் போகும் பயணத்தில், முழு நாட்டையும் காரில் கடப்பது மலிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

காருக்குச் சாதகமாக நம்மவர்களுக்கென்று ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்து மோட்டல்களில் பெரும்பாலும் சின்னச் சமையலறை இருக்கும். பின்பெட்டியில் ஒரு ரைஸ் குக்கரும், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய அரிசியும் தயிரும் இருந்தால் சைவக்காரர் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க வேண்டாம். மாலை ஆறு மணிக்கே கடை சாத்தும் சிற்றூர்களில் இது சாதாரண வசதி அல்ல. பெட்டி எடை பற்றிய கவலையும் இல்லை, பாட்டி கேட்கும்போது வண்டியை நிறுத்தவும் முடியும்.

இனி ஓட்டுபவரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமம் சுற்றுலாப் பயணிக்கு அங்கே செல்லும். இடப்பக்கம் ஓட்டும் நாடு. வலப்பக்கம் ஓட்டிப் பழகிய அமெரிக்கரும் சீனரும் ஜெர்மானியரும் திணறி விபத்துகள் நடந்ததால்தான் 2014இல் வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கென்றே அந்த நாடு ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. சாலையில் இடப்பக்க அம்புக்குறிகள் வரைந்தார்கள். வாடகைக் கார் ஸ்டீயரிங்கில் விதிகளை அச்சிட்ட அட்டையைத் தொங்கவிட்டார்கள். நமக்கு அந்தத் திணறல் இல்லை. ஆனால் “இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே” என்ற தைரியமே நம்மை மாட்டிவிடுகிறது. ஒற்றைத் தடப் பாலங்கள் ஏராளம். எந்தப் பக்கத்துக்குச் சின்னச் சிவப்பு அம்பு காட்டியிருக்கிறதோ அந்தப் பக்கத்தவர் நின்று வழிவிட வேண்டும். நம் பழக்கப்படி முதலில் மூக்கை நுழைத்தவருக்கே பாலம் என்று நினைத்தால் ஆபத்து. நம் பக்கம் தொடர் மஞ்சள் கோடு இருந்தால் அதைத் தாண்டி முந்தக் கூடாது. மெதுவாகப் போவது குற்றமில்லை, ஆனால் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட வேண்டும். விடாவிட்டால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்க மாட்டார், 555க்கு முன்னால் நட்சத்திரக் குறி சேர்த்து அழுத்திப் போலீஸில் சொல்லிவிடுவார். ஹாரனையே மொழியாகப் பேசி வளர்ந்த நமக்கு இந்த மௌனம் புரிய ஒரு நாளாவது ஆகும்.

அந்த முதல் நாளில்தான் பெரும்பாலோர் நெடுந்தூரம் ஓட்டுகிறார்கள் என்பது இந்த வழக்கத்தின் பெரிய குறை. நியூசிலாந்துக் கோடையில் அங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் சென்னையில் அதிகாலை நாலரை. சிங்கப்பூரிலிருந்து மட்டுமே பத்து மணி நேரம் பறந்து வந்தவர், தன் உடம்பு ஆழ்ந்து உறங்க வேண்டிய வேளையில் சாவியை வாங்கி நெடுஞ்சாலையில் ஏறுகிறார். மற்றவர்கள் பின்னிருக்கையில் தூங்குகிறார்கள். ஒரு நாள் வீணாகிறதே என்று பார்க்காமல் முதல் இரவை ஆக்லாந்தில் தங்கி, மறுநாள் காலை கார் எடுப்பதே சரி.

குக் நீரிணைக் கப்பல் தனிக்கதை. 92 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். காரோடு வருபவர் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரம், மலைகளுக்கு இடையே கடல் நுழைந்து கிடக்கும் குவீன் சார்லட் சவுண்டில் கப்பல் போகும்போது யாரும் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காரில் போவதிலேயே ஓட்டுநருக்கு முழு ஓய்வு கிடைக்கும் கட்டம் அதுதான். ஆனால் காற்றுக்குப் பேர்போன நீரிணை அது. கப்பல்களும் பழையவை. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு கைட்டாக்கி என்ற கப்பல் வெலிங்டனுக்கு அருகே இயந்திரம் நின்று தத்தளித்தது. பயணம் ரத்தானால் நெரிசல் மாதங்களில் காரோடு அடுத்த இடம் கிடைப்பது எளிதல்ல. பிக்டனிலிருந்து தெற்கே போகும் கடலோரச் சாலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவில் வந்த கைக்கோரா நிலநடுக்கத்தில் மலைச்சரிவு விழுந்து மூடிய அந்தச் சாலை, 2017 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தது. இன்று அதில் போகும்போது ஒருபக்கம் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருப்பது தெரியும்.

இத்தனையும் சொன்ன பிறகு, காரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்–குவீன்ஸ்டவுன் வழியைப் பறந்து கடப்பவர் நியூசிலாந்துக்குப் போனதில் பாதியை இழக்கிறார் என்பது என் துணிபு. கேன்டர்பரி சமவெளி முடிந்து சாலை ஏறியதும் டெக்கப்போ ஏரி வருகிறது. பனியாறு அரைத்த பாறைத்தூள் தண்ணீரில் கலந்து நிற்பதால் பாலில் நீலம் கரைத்த நிறம். கரையில் 1935இல் கட்டிய சிறிய கல் தேவாலயம். சுற்றியுள்ள வட்டாரம் 2012 முதல் இருள்வானக் காப்பகம். இரவு அங்கே தங்கினால்தான் அதற்கு அர்த்தம், விமானத்தில் போகிறவருக்கு அது வாய்க்காது. அடுத்து புகாக்கி ஏரி, அதன் தலைமாட்டில் 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி சிகரம். மலையடிவாரக் கிராமத்துக்குப் பிரிந்து போகும் சாலை முழுக்க அந்தச் சிகரத்தை நோக்கியே போகிறது. இங்கே மட்டும் ஓட்டுநருக்கும் பின்னிருக்கைக்கும் காட்சி ஒன்று. சாலை நேர், எதிரே மலை, கண்ணைத் திருப்ப வேண்டியதில்லை. பிறகு புல் மட்டுமே வளரும் லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர். இறங்கினால் கிராம்வெல், கோடையில் சாலையோரப் பழக்கடைகளில் செர்ரி. கவாராவ் ஆற்றுப் பாலத்தில், 1988இல் உலகின் முதல் வணிகரீதியான பஞ்சி தொடங்கிய இடத்தில், யாராவது குதித்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மணி நேர ஓட்டம். இரண்டு நாளாகப் பிரித்தால் ஓட்டுபவருக்கும் அது சுற்றுலாதான்.

ஆகவே ‘காரா, விமானமா’ என்று முழுப் பயணத்துக்கும் ஒரே பதில் தேடுவதுதான் கோளாறு. துண்டு துண்டாகத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆக்லாந்திலிருந்து மட்டமாட்டாவின் ஹாபிட்டன் திரைப்படத் தளம், ரோட்டோருவாவின் கொதிசேறு வரை கார் நல்லது, 230 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கேயே காரை விட்டுவிட்டுக் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பறக்கலாம். தொண்ணூறு இருக்கைக்குக் குறைந்த சிறு விமானங்களுக்கு அந்த நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனை வரிசைகூடக் கிடையாது, பஸ் ஏறுவது போல ஏறிவிடலாம். கிறைஸ்ட்சர்ச்சில் வேறு கார் எடுத்துத் தெற்கே ஓட்டிப் போய், குவீன்ஸ்டவுனிலிருந்து விமானத்தில் திரும்பலாம். கார் பிடித்தவர்கள் இதை ‘அரைகுறைப் பயணம்’ என்பார்கள். சொல்லட்டும்.

சூழல் கேடு பற்றிய வாதத்தை நான் இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் ஏறிய கார், விமானத்தைவிடத் தலைக்குக் குறைவாகப் புகை விடும், தனி ஆள் ஓட்டினால் அந்த லாபம் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவர் கடைசி ஆயிரத்தில் மனச்சாட்சி பேசுவது கொஞ்சம் சிரிப்புக்கு இடம் தருகிறது.

மிகக் கடினமான துண்டு மில்ஃபோர்ட் சவுண்ட். குவீன்ஸ்டவுனிலிருந்து சாலை வழி 290 கிலோமீட்டர், ஒரு பக்கம் நான்கு மணி நேரம். சிறு விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம், விமானம் கிளம்பும் என்று நம்பிப் போக முடியாது. மழை நாளில்தான் அங்கே அருவிகள் நூற்றுக்கணக்கில் இறங்கும் என்பது வேறு. காரில் காலையில் கிளம்பி, படகில் சுற்றி, இரவில் திரும்பினால் ஓட்டுபவர் எட்டு மணி நேரம் ஸ்டீயரிங்கில் இருப்பார். கடைசி மலைப்பகுதியில் கைபேசித் தொடர்பு இல்லை. 1954இல் திறந்த ஹோமர் சுரங்கத்தின் வாயிலில் காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து கார் ஜன்னலின் ரப்பரைக் கொத்தும். குளிர்காலத்தில் டயருக்குச் சங்கிலி கையோடு இல்லாமல் போகவிட மாட்டார்கள். இந்த ஒரு நாளுக்குக் காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பஸ்ஸில் போவதே மேல். வாடகை கட்டிய கார் சும்மா நிற்கிறதே என்று மனம் கேட்காது. ஓட்டுநருக்குக் கொடுத்த வார விடுப்பு என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பஸ் பிடிக்காதவர்கள் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் தே அனாவில் ஓர் இரவு தங்கிப் போகலாம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரிடமும் உரிமம் இருக்கும், ஊரில் தினமும் இருவரும் கார் ஓட்டுவார்கள். வெளிநாடு போனால் மட்டும் வாடகைப் படிவத்தில் ஒரே பெயர், பெரும்பாலும் அவர் பெயர். மனைவி கூகுள் மேப் பார்த்து வழி சொல்லும் வேலைக்கு நியமிக்கப்படுவார். டெக்கப்போ சாலையில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் மாற்றி ஓட்டினால், மேலே நான் எழுதிய குறைகளில் பாதி தானே விழுந்துவிடும். ஆனால் அதைப் பாதி வழியில் களைத்த பிறகு யோசிக்கக் கூடாது. கவுன்டரிலேயே இரண்டாவது பெயரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். படிவத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் செல்லாது.